பாலியல் குற்றவாளிகள் பட்டியலை மாற்றும் மசோதா: எதை நம்புவது, எதைப் பார்ப்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் வீடு வாங்கப் பேசி முடித்திருக்கிறோம். எட்டு வயதில் மகள் இருக்கிறாள். "பாலியல் குற்றவாளிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட மாநிலத்தில் சட்டம் வருகிறது" என்று எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பதிவான பாலியல் குற்றவாளிகளின் விவரத்தை மாநிலம் பொதுமக்களுக்குக் காட்டும் மெகன் சட்ட இணையதளத்தில் தேடினேன். அந்தத் தெருவில் யாரும் இல்லை என்று காட்டுகிறது. இதை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தச் செய்தியில் மசோதா எண் இருக்கிறதா? இல்லையென்றால் அனுப்பியவரிடம் கேளுங்கள். செனட் மசோதா என்றால் எஸ்.பி., அசெம்பிளி மசோதா என்றால் ஏ.பி. என்று தொடங்கி ஓர் எண் வரும். எண் கிடைத்ததும் மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் அதன் முழு வாசகத்தையும் படிக்கலாம். திருத்தங்கள் நடந்திருந்தால், நீக்கியது சிவப்பில் அடிக்கப்பட்டும் சேர்த்தது நீலச் சாய்வெழுத்திலும் தெரியும். எண்ணே தராத செய்தியை நான் பொருட்படுத்துவதில்லை.

வாசகத்தைப் படிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2020இல் வந்த எஸ்.பி. 145 நல்ல உதாரணம். "சிறுவர்களுடன் உறவுகொள்வதைச் சட்டபூர்வமாக்குகிறார்கள்" என்று அதைப் பற்றி அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தச் செயல் அதற்கு முன்பும் குற்றம், இன்றும் குற்றம். மாறியது ஒன்றுதான். 14 முதல் 17 வயதுள்ளவருடன், பத்து வயதுக்கு மிகாத வித்தியாசத்தில், வன்முறையின்றி நடந்த சில வகைக் குற்றங்களில் குற்றவாளியின் பெயர் முன்பு தானாகவே பட்டியலில் ஏறியது. இப்போது அதை நீதிபதி முடிவு செய்கிறார். வேறு சில வகைகளில் நீதிபதிக்கு அந்த அதிகாரம் ஏற்கெனவே இருந்தது.

"பட்டியலிலிருந்து எடுக்கும் சட்டம்" என்ற பேச்சுக்கு ஓரளவு அடிப்படை இருப்பது எஸ்.பி. 384இல். 1947இலிருந்தே பதிவு முறை உள்ள மாநிலம் கலிபோர்னியா. நாட்டிலேயே இதுதான் முதல். பட்டியலில் ஒருமுறை ஏறினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க என்பதுதான் பழைய விதி. பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டி வீங்கியது. யார் ஆபத்தானவர், யார் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய குற்றத்தில் சிக்கியவர் என்று போலீஸாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. எனவே 2017இல் இந்தச் சட்டம் நிறைவேறி, 2021 ஜனவரி 1 முதல் மூன்று நிலைகள் வந்தன. முதல் நிலைக்குக் குறைந்தது 10 ஆண்டு, இரண்டாவதுக்கு 20 ஆண்டு, மூன்றாவதுக்கு ஆயுள். காலம் முடிந்தாலும் பெயர் தானாக நீங்காது. நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், மாவட்ட அரசு வழக்கறிஞர் அதை எதிர்க்கலாம். என் பார்வையில் இது நியாயமான மாற்றம். எல்லோர் பெயரும் இருக்கும் பட்டியல் யாரைப் பற்றியும் எச்சரிக்காது.

ஆகவே புதிய மசோதா எது வந்தாலும் அதில் தேட வேண்டியவை: எந்தக் குற்றத்துக்குப் பதிவு, எத்தனை ஆண்டு, பொதுமக்கள் கண்ணில் படுமா, பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்துமா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவு என்பது தண்டனை அல்ல, ஒழுங்குமுறை ஏற்பாடு என்று அலாஸ்கா மாநிலத்தின் பதிவுச் சட்டம் குறித்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. அதனால் பழைய வழக்குகளுக்கும் அதை நீட்டிக்க இடமுண்டு.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். இணையதளத்தில் சிலருக்கு முழு முகவரி வரும், சிலருக்கு ஜிப் கோடு மட்டும் வரும், சிலர் அதில் இடம்பெறவே மாட்டார்கள். வீடு மாறினால் ஐந்து வேலை நாட்களுக்குள் போலீஸிடம் பதிய வேண்டும். மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் பிறந்தநாளை ஒட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பதியாமல் நழுவுகிறவர்களும் உண்டு. "யாரும் இல்லை" என்று காட்டினால், காட்டத்தக்க பதிவு எதுவும் அங்கே இல்லை என்றுதான் பொருள். இதுவரை பிடிபடாதவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். குழந்தைகளுக்குத் தீங்கு செய்வோரில் பெரும்பாலானோர் குடும்பத்துக்குத் தெரிந்தவர்களே. பாட்டு வகுப்பு, கார்பூல், ஸ்லீப்ஓவர் இவற்றில் யாரிடம் மகளை விடுகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

ஒப்பந்தத்தில் மெகன் சட்ட அறிவிப்புப் பத்தி கட்டாயம் இருக்கும். அதற்கு மேல் விவரம் தேடித் தர விற்பவருக்கோ ஏஜென்டுக்கோ கடமை இல்லை. பின்வாங்க உரிமையுள்ள கன்டின்ஜென்சி காலம் முடிவதற்குள் ஜிப் கோடு போட்டும் ஒருமுறை தேடிவிடுங்கள். வராத மசோதாவுக்காக வீட்டை விட வேண்டியதில்லை.

இணையதளத்தில் கிடைக்கும் பெயரையும் படத்தையும் குழுவில் போட்டு ஒருவரை விரட்டக் கிளம்பிவிடாதீர்கள். அந்த விவரத்தை வைத்து ஒரு குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்கான தண்டனைக்கு மேல், குற்றத்தைப் பொறுத்துத் தனி அபராதமோ சிறையோ உண்டு.

மசோதா உண்மையாகவே இருந்து, உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், அது பொதுப் பாதுகாப்புக் குழுவின் விசாரணைக்கு வருமுன் எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் கடிதம் அனுப்பலாம். எச்-1பி விசாவில் இருப்பவரும் எழுதலாம், குடியுரிமை தேவையில்லை.