வாசகர் கேள்வி – பதில்: கறுப்பு மையில் ஒரு குழந்தைப் பருவம்

கேள்வி: போர்க்காலக் குழந்தைப் பருவத்தைப் படக்கதையாகச் சொல்லும் கிராஃபிக் நினைவுக்குறிப்புகளில் பலவும் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கின்றனவே, துயரத்தைக் காட்டத்தானா?

பதில்: கறுப்பு என்றால் துயரம் என்று மதிப்புரைகளில் எளிதாக எழுதிவிடுகிறார்கள், புத்தகத்தைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தால் அந்தக் கணக்கு செல்லாது. காரணங்களில் ஒன்று வெறும் அச்சுத்தொழில் சார்ந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவனாக அணுகுண்டுக்குத் தப்பிய கெய்ஜி நகஸாவா, அந்த அனுபவத்தை ஒட்டி 1973-இல் ஒரு சிறுவர் வார இதழில் 'வெறுங்கால் கென்' என்னும் தொடரைத் தொடங்கினார். ஜப்பானிய வார இதழ்கள் மலிவான தாளில் ஒற்றை மையில் அச்சாவதுதான் வழக்கம் என்பதால், கறுப்பு வெள்ளை அவர் தேர்ந்தெடுத்ததன்று, அவருக்கு வாய்த்தது. பிரான்ஸில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கெட்டி அட்டை, 48 பக்கம், முழு வண்ணம் என்பதே அங்கே படக்கதைத் தொழிலின் வார்ப்பு. அதை ஏற்க மறுத்த ஓவியர்கள் சிலர் 1990-இல் தொடங்கிய லஸ்ஸோஸியாஸியோன் என்னும் பதிப்பகம், வண்ணம் இல்லாத, நாவல் போன்ற நூல்களை வெளியிட்டது. ஈரான் – ஈராக் போரின் நடுவே வளர்ந்த மர்ஜான் சத்ராபியின் 'பெர்சிபோலிஸ்' 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வந்ததும் அங்கிருந்துதான். ஓரிடத்தில் சிக்கனத்தால் வந்த அதே மை, இன்னோரிடத்தில் பிடிவாதத்தால் வந்தது.

கேள்வி: ஸெய்னா அபிராஷெத்தின் பெய்ரூத் நூலில் ரத்தம் சிந்தும் காட்சி என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஆனாலும் படித்து முடித்தபின் ஏதோ அடைபட்டுக் கிடந்ததைப் போன்ற உணர்வு போகவில்லை. ஓவியம் இதை எப்படிச் செய்கிறது?

பதில்: நூலை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். லெபனானின் உள்நாட்டுப் போர் 1975 முதல் 1990 வரை நடந்தது. அபிராஷெத் 1981-இல் பெய்ரூத்தில் பிறந்து, நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிளந்த எல்லைக்கோட்டை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர். 2007-இல் பிரெஞ்சில் வெளிவந்த இந்த நூல் 1984-இல் ஒரே ஓர் இரவைச் சொல்கிறது: சில தெருக்கள் தள்ளியிருக்கும் பாட்டி வீட்டுக்குப் போன பெற்றோர், குண்டுவீச்சால் திரும்ப முடியாமல் நிற்கிறார்கள், குழந்தைகள் இருவரும் வீட்டின் நுழைகூடத்தில் காத்திருக்கிறார்கள். மற்ற அறைகள் ஆபத்தாகிவிட்டதால் வீடே அந்தக் கூடமாகச் சுருங்கிவிட்டது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து அங்கேயே அமர்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஓவியங்களில் சாம்பல் நிறம் கிடையாது. நெருக்கமான சிறு கோடுகளால் நிழல் போடும் பழக்கமும் இல்லை. ஒன்று முழுக் கறுப்பு, அல்லது முழு வெள்ளை. இதனால் வெளிச்சம் மெல்ல மங்கி இருளாகும் இடைவெளி எங்குமே இல்லாமல் போகிறது. கறுப்பு உடை அணிந்தவர் கறுத்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால் முகமும் கைகளும் மட்டும் மிஞ்சுகின்றன, உடம்பை அறையே வாங்கிக்கொள்கிறது. உங்களுக்குத் தோன்றிய அடைப்பு முதலில் கண்ணுக்கு நேர்வது, பிறகே மனத்துக்கு.

அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. மோசேயும் எபிரேயர்களும் எகிப்தை விட்டு ஓடும் காட்சி அதில் இருக்கிறது. வெளியே பார்க்க வழியில்லாத அந்த இடத்தில் சன்னலின் வேலையை அதுதான் செய்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு: படத்தில் இருப்பவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், கீழே இருப்பவர்களால் தெருவைத் தாண்ட முடியவில்லை. அபிராஷெத் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை, திரைச்சீலையைத் திரும்பத் திரும்ப வரைவதோடு சரி.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மறைந்திருந்து சுடுபவனின் பார்வையில் படாமல் சில தெருக்களைக் கடப்பதற்கு எந்த இடத்தில் ஓட வேண்டும், எந்தச் சுவரை ஒட்டி நடக்க வேண்டும் என்பது ஒரு வழிப்படமாக வரையப்பட்டிருக்கிறது. சிறுவர் இதழ்களில் முயலைக் காரட்டிடம் கொண்டு சேர்க்கச் சொல்லும் புதிரைப் போலவே இருக்கிறது அது. பெரியவர்களின் திகில் குழந்தைக்கு எந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

இந்த நூலுக்கு வித்தான நிகழ்ச்சியையும் அறிவது பயன்படும். 1984-இல் பெய்ரூத்தில் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிப் பதிவை 2006-இல் பார்த்துக்கொண்டிருந்த அபிராஷெத், அதில் தம் பாட்டி பேசுவதைக் கண்டார். தாங்கள் அங்கே ஒருவேளை, ஏறக்குறைய, பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம் என்ற பொருளில் பாட்டி சொல்கிறார். அந்த 'ஒருவேளை'க்கும் 'ஏறக்குறைய'வுக்கும் நடுவில் இருக்கும் தயக்கத்தைத்தான் அத்தனை பக்கங்களின் கறுப்பும் நிரப்புகிறது என்பது என் வாசிப்பு.

கேள்வி: அபிராஷெத் சத்ராபியைப் பார்த்து வரைந்தவர் என்கிறார்களே?

பதில்: இருவரும் பிரெஞ்சில் எழுதியவர்கள், இருவரிடமும் சாம்பல் நிறம் இல்லை, இருவரும் மேற்காசியாவில் பிறந்த பெண்கள், ஒப்பிட இவ்வளவு போதும் என்று விமர்சகர்கள் நினைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் சத்ராபியே தாவீத் பி. என்னும் ஓவியரிடம் கடன்பட்டவர்தான். மையைக் கொண்டு அபிராஷெத்தும் சத்ராபியும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். அபிராஷெத்தின் கறுப்பு குடியிருக்கும் இடம். பூவேலைப்பாடும் சுருள்முடியும் அதன்மேல் வெள்ளை இழைகளாக ஓடுகின்றன. சத்ராபியின் கறுப்பு அடி விழுவதைப் போல வருகிறது. ஏவுகணை விழுந்து இடிந்த பக்கத்து வீட்டின் குவியலில் தோழியின் நீலப்பச்சைக் கல் பதித்த கைவளையைச் சிறுமி காண்கிறாள்; அடுத்து வாயைப் பொத்துகிறாள், கண்களைப் பொத்துகிறாள், அதற்கடுத்த கட்டம் முழுவதும் வெறும் கறுப்பு. வளையின் நிறம் சொல்லில் மட்டுமே இருக்கிறது, தாளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நிறத்தை வாசகர் தாமாகவே இட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் அது மறப்பதில்லை. சொர்க்கத்தின் சாவி என்று சொல்லிக் கொடுத்த பிளாஸ்டிக் சாவிகளைக் கழுத்தில் அணிந்து போருக்குப் போன சிறுவர்கள் கண்ணிவெடியில் தூக்கியெறியப்படும் இன்னொரு கட்டத்தில், எல்லோருமே முகமற்ற கறுத்த நிழலுருக்கள். அதே பக்கத்தில் கீழே, தெஹ்ரானில் ஒரு விருந்தில் ஆடும் பிள்ளைகளின் கைகால்களும் அதே வாக்கில் வீசியிருக்கின்றன.

கேள்வி: வண்ணம் சேர்த்தால் இந்தச் சூழல் கெட்டுவிடுமா?

பதில்: கட்டாயமில்லை. பிரெஞ்சுப் படக்கதை ஓவியர் ரியாத் சத்தூஃப் தம் குழந்தைப் பருவ நூல்களில் லிபியாவுக்கு மஞ்சள், சிரியாவுக்கு இளஞ்சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம் என்று நாட்டுக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறார், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 2006-இல் வந்த மிரியம் காட்டினின் நூலை. 1944-இல் நாஜிகளிடமிருந்து தப்ப, தாங்கள் இறந்துவிட்டதாக நம்பவைத்துவிட்டுப் பொய்யான அடையாளத் தாள்களோடு புடாபெஸ்ட்டை விட்டுக் கிளம்பிய தாயின் கையில் இருந்த சின்னஞ்சிறு குழந்தை அவர். நினைவு வைத்திருக்கும் வயதன்று. பெரும்பாலும் தாய் சொல்லக் கேட்டதைத்தான் வரைகிறார். அதை மையால் அழுத்தி எழுதாமல், விரல் பட்டால் கலைந்துவிடும் போன்ற பென்சில் கோடுகளில் வரைந்திருக்கிறார். பின்னாளில் அமெரிக்காவில் தாமும் தாயாகி வாழ்ந்த வாழ்க்கை வரும் பக்கங்களுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்.