கனடாவில் வீட்டுக்கு ஹாட் டப் வாங்கலாமா? போடும் காசுக்குப் பயன் இருக்குமா?

டொராண்டோ பக்கம் பிராம்ப்டனில் சொந்த வீடு, பின்னால் மர டெக் (வீட்டை ஒட்டிய மர மேடை), கணவருக்கு இடுப்பு வலி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே இருக்கும் மாமியார், கடையில் 12,000 டாலர் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏஜாக்ஸில் இருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் சில வருடங்களாக ஒரு ஹாட் டப், அதாவது வெளியே வைக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி, இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதில் இறங்குகிறோம். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. அதனாலேயே யார் வாங்க வேண்டும், யார் வாங்கக் கூடாது என்பதை ஒளிக்காமல் சொல்ல நினைக்கிறேன்.

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 12. விருந்தாளி யாரும் இல்லை. சமையல், பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்தாயிற்று. அப்போது உங்கள் வீட்டில் ஒருவராவது கதவைத் திறந்து வெளியே போய்ச் சுடுதண்ணீரில் உட்காருவாரா? ஆம் என்றால் வாங்குங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, பிறந்தநாள் பார்ட்டிக்கு, கோடையில் பிள்ளைகள் விளையாட என்றால் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் கூட்டம் சேர்ந்தால் இருபது பேர் சேர்வோம். டப்பில் ஐந்து பேர்தான் உட்காரலாம். பெரியம்மா, சித்தி யாரும் நாலு பேர் பார்க்க இறங்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது பிள்ளைகள். அவர்கள் தண்ணீரில் குதித்து, புல்லில் ஓடி, மண் காலோடு திரும்பக் குதிப்பார்கள். இப்படி ஒரு டப்பில் பிடிக்கும் 1,300 லிட்டர் தண்ணீர் என்பது பெரிய அளவாகத் தெரியும், ஆனால் நீச்சல் குளத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அத்தனை உடம்புகளின் வியர்வையும் சன்ஸ்கிரீனும் இவ்வளவு கொஞ்சத் தண்ணீரில், அதுவும் சூட்டில் சேர்ந்தால் குளோரின் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். மறுநாள் மூடியைத் திறந்தால் தண்ணீர் கலங்கி, ஒரு வாடையோடு இருக்கும். இரண்டு பேர் வாரத்தில் நாலு நாள் அமைதியாக இறங்கும் டப்பைப் பராமரிப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

அடுத்து, எங்கே வைப்பது. இதைப் பற்றி விற்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பயன்படுத்துவதும் பயன்படுத்தாமல் விடுவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான். பின்கதவிலிருந்து ஐந்தாறு எட்டுக்குள் இருக்க வேண்டும். தோட்டத்து மூலையில், வேலியோரத்தில் வைத்தால் படத்தில் அழகாக இருக்கும். ஜனவரியில் அங்கே போக முதலில் ஸ்னோவை அள்ள வேண்டும், திரும்பி வரும்போது ஈரக் காலோடு ஐஸில் நடக்க வேண்டும். போகும்போது குளிர் பெரிதாகத் தெரியாது. ஏறி வெளியே வரும்போதும் உடம்பு சூடாக இருப்பதால் ஒரு நிமிடம் தாங்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் கதவைத் தொட்டுவிட வேண்டும். எங்களுடையது சமையலறைக் கதவுக்கு நேரே இருக்கிறது. ஒரு ரப்பர் பாய், கதவுக்குப் பக்கத்தில் இரண்டு டவல் மாட்டும் கொக்கி, அவ்வளவுதான் ஏற்பாடு. தலைமுடியின் ஈரம் உறைந்து விறைத்துக்கொண்டு நிற்கும், தோளுக்குக் கீழே நல்ல சூடு, மேலே நட்சத்திரம். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மீதி எல்லாப் பாடும்.

உங்கள் மர டெக்கின் மேலேயே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டட அனுமதியோடு கட்டிய டெக்காக இருந்தாலும் அப்படியே வைக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,300 லிட்டர் தண்ணீர், டப் 350 கிலோ, ஐந்து பேர், எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன். ஏழடிக்கு ஏழடி இடத்தில் இந்த எடை சதுர அடிக்கு 90 பவுண்டு வரும். சாதாரண வீட்டு டெக்கைச் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கும்படிதான் கட்டுகிறார்கள். அடியில் தூணும் உத்தரமும் கூட்ட வேண்டும், அதற்குப் பொறியாளர் வரைபடமும் நகராட்சி அனுமதியும் வேண்டும். அதைவிட டெக்கை ஒட்டித் தரையில் சரளை பரப்பி, நாலு அங்குல கான்கிரீட் தளம் போடுவது நல்லது. அனுமதி கேட்கும்போதே பூட்டு வைத்த மூடி இருந்தால் போதுமா, வேலியும் வேண்டுமா என்று பிராம்ப்டன் நகராட்சியில் கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். சுவர் பிளக்கில் செருகும் 120 வோல்ட் டப்பை மலிவாகக் காட்டுவார்கள். ஒரு டிகிரி சூடேற்ற 1,300 லிட்டருக்கு ஒன்றரை யூனிட் கரண்ட் வேண்டும். குழாயில் வரும் 8 டிகிரித் தண்ணீரை 39 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 47 யூனிட். 240 வோல்ட் டப்பில் இருக்கும் 4 கிலோவாட் ஹீட்டர் இதை அரை நாளில் முடித்துவிடும். 120 வோல்ட் டப்பின் ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு முழுசாக இரண்டு நாள், அதுவும் குளிரில் இழக்கும் சூட்டைச் சேர்க்காமல். ஜெட் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் துளைகள்) ஓடும் நேரத்தில் பெரும்பாலான 120 வோல்ட் டப்களில் ஹீட்டர் நின்றுவிடும். மூடியைத் திறந்து மைனஸ் 15-இல் உட்கார்ந்தால் தண்ணீர் ஆறிக்கொண்டே போகும். இந்த ஊர்க் குளிருக்கு 240 வோல்ட், 50 ஆம்ப் இணைப்புதான் சரி.

அதற்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும், ஒன்டாரியோ மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு முறைப்படி தெரிவித்துப் பரிசோதனை முடிய வேண்டும். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருவான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தண்ணீருக்குள் பிள்ளைகளோடு உட்காரப் போகிறீர்கள். வீட்டில் 100 ஆம்ப் பேனல் (கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருந்து, எலக்ட்ரிக் கார் சார்ஜரும் இருந்தால் இடம் போதுமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பேனலை மாற்ற வேண்டி வந்தால் சில ஆயிரம் கூடும்.

ஹைட்ரோ பில்லை, அதாவது கரண்ட் பில்லைப் பொறுத்தவரை, நல்ல இன்சுலேஷனும் நல்ல மூடியும் உள்ள டப்புக்குக் குளிர்காலத்தில் மாதம் 50 முதல் 100 டாலர் வரை ஒதுக்கி வையுங்கள். ஒன்டாரியோவில் 2023-இல் வந்த நள்ளிரவுச் சலுகைத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை கட்டணம் மிகக் குறைவு. ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை மிக அதிகம். இரவில் சூடேறும்படி டப்பில் நேரம் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் இறங்கினால் கையைக் கடிக்காது. மூடியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சில வருடங்களில் உள்ளே இருக்கும் ஃபோம் நீராவியைக் குடித்துக் கனத்துப்போகும். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாத மூடி என்றால் சூடும் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். புது மூடிக்கு அறுநூறு, எழுநூறு டாலர் ஆகும்.

தண்ணீர்ப் பராமரிப்பு பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வாரம் இரண்டு மூன்று முறை டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்க்க வேண்டும். குளோரின் 3 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 3 பங்கு) குறையாமல், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில். குளோரின் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரும். நீச்சல் உடை மூடிய இடங்களில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு வரும். நிமோனியாவைக் கொண்டுவரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வந்தால் அது மேலே எழும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள்ளேயே போகும். அதனால் பிஎச் கூட ஒரு நாள் பொறுக்கலாம், குளோரின் பொறுக்காது.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணெய். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு ஒருவர் இறங்கினால் போதும், ஜெட்டைப் போட்டதும் நுரை பொங்கிவரும். டப்பின் ஓரத்தில் தண்ணீர் மட்டத்துக்குப் பிசுபிசுவென்று ஒரு கோடு படியும், விரலால் இழுத்தால் கையோடு வரும். ஃபில்டரின் மடிப்புகளில் அது ஏறிவிட்டால் வெறும் தண்ணீரில் போகாது, இரவு முழுக்க அதற்கான கிளீனரில் ஊறப்போட வேண்டும். மாமியார் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைப்பவர் என்றால், குளித்து, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். வாஷிங் பவுடரில் துவைத்த டி-ஷர்ட்டும் நுரை கிளப்பும். சோப்பில்லாமல் தண்ணீரில் மட்டும் அலசிய உடை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டும். நவம்பர் கடைசியில் ஒன்று, பனி உருகும்போது மார்ச்சில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கடும் குளிரில் குழாய் இழுக்க வேண்டாம். குளோரின் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது.

கணவரின் இடுப்பு வலிக்கு உதவுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம் என்று படுகிறது. ஜெட் போட்ட தொட்டி பிறந்ததே வலியால்தான். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து விமான புரொப்பெல்லரும் தண்ணீர் பம்பும் செய்துகொண்டிருந்த ஜக்கூஸி சகோதரர்களில் ஒருவரான கேண்டிடோ, முடக்குவாதத்தால் அவதிப்பட்ட தன் சின்ன மகனுக்காகக் குளியல் தொட்டியில் வைக்கும் பம்பு ஒன்றை உருவாக்கினார். 1968-இல் அதே குடும்பத்தின் ராய் ஜக்கூஸி, ஜெட்டைத் தொட்டியோடு சேர்த்தே செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். சூடு தசையை இளக்கும், சில மணி நேரம் வலி தணியும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி வந்தால் உடம்பு மெல்ல ஆறும்போது தூக்கம் நன்றாக வரும். வலியின் காரணத்தை அது தீர்க்காது. டிஸ்க் பிரச்சினை என்றால் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாமியார் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 40 டிகிரிக்கு மேல் யாருக்கும் கூடாது. பெரியவர்களுக்கு 37, 38 போதும், பத்துப் பதினைந்து நிமிடத்தோடு எழுந்துவிட வேண்டும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சூட்டில் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கி, எழும்போது தலை சுற்றும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு சுடுவதே தெரியாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது சூட்டில் வேகமாக உடம்பில் இறங்கிச் சர்க்கரை சட்டென்று குறையலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கூட ஒருவர் இருக்கும்போது மட்டும் இறங்கட்டும். கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளை இறக்கவே கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு கட்டாயம்.

இன்னொரு பயம் கரண்ட் போவது. 2013 டிசம்பர் பனிப்புயலில் டொராண்டோவில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சில வீடுகளில் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. முழுக்க ஃபோம் அடைத்த டப் மூடியே இருந்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். வெற்றுக்கூடாக இருக்கும் மலிவு டப்பில் குழாய் சீக்கிரம் உறைந்து வெடிக்கும். அதனால் கடையில் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஜெட் எத்தனை என்று எண்ணுவதைவிட உள்ளே எவ்வளவு ஃபோம் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம்.

உங்கள் 12,000 மேல் 13 சதவீத வரி, தளம், எலக்ட்ரீஷியன், படி, மூடியைத் தூக்கும் கருவி எல்லாம் சேர்ந்தால் 17,000 பக்கம் வந்து நிற்கும். அந்தத் தொகையைக் கடன் வாங்கிப் போட வேண்டிய நிலை என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். ஆசை இருக்கிறது, பழக்கம் வருமா என்று தெரியவில்லை என்றால் ஆயிரம் டாலருக்குள் காற்றடித்து உப்பவைக்கும் டப் கிடைக்கும். அதைச் செப்டம்பர், அக்டோபரில் வைத்துப் பாருங்கள், உறைபனி வருமுன் மடித்துவிடுங்கள். நவம்பரில் அது இல்லையே என்று கணவர் கேட்டால் பெரியதை வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது நீச்சல் உடையோடு போங்கள். பல கடைகளில் தண்ணீர் நிரப்பிய டப் ஒன்று வைத்திருப்பார்கள், முன்பே சொன்னால் இறங்கிப் பார்க்க விடுவார்கள். உங்கள் கணவரின் உயரத்துக்கு இடுப்பு ஜெட் சரியான இடத்தில் வருகிறதா என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். எனக்கு நன்றாக இருக்கும் இருக்கை என் கணவருக்கு முதுகு நடுவில் குத்தும்.

அப்புறம், வீட்டின் பக்கவாட்டு வழியை அளந்து பாருங்கள். டப்பைச் செங்குத்தாக நிறுத்தித்தான் உள்ளே தள்ளிக்கொண்டு வருவார்கள். அதற்கு நாலடி அகலமும் எட்டடி உயரமும் தேவை. பிராம்ப்டனில் புதுத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே அந்த அகலமே இருந்தாலும் கேஸ் மீட்டரும் ஏசியும் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். வழி போதாவிட்டால் வீட்டுக்கு மேலாகக் கிரேனில் இறக்க வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதை முன்பணம் கட்டும் முன்பே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.