ஆர்தரை விட்டுவிட்டுப் பார்த்தால்

அன்புள்ள ஐயா,

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோடு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள சவுத் காட்பரி என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசனின் தலைநகரான காமலாட் இதுதான் என்கிறார்கள். குன்றில் ஏறினால் புல்லும் மேடும்தான். “இத்தனை மண்ணை எப்படிடா வெட்டிப் போட்டான்?” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆர்தர் நிஜமாகவே வாழ்ந்தாரா? அடுத்து கிளாஸ்டன்பரி போகலாமா?

பிரிஸ்டலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அங்கே கேட்கவேண்டிய கேள்வியை உங்கள் அப்பா கேட்டிருக்கிறார். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். படித்த பிள்ளை!

ஆர்தரை முதலில் அனுப்பிவிடுவோம். 1542-இல், ஊர் ஊராகப் போய்ப் பழஞ்செய்திகள் திரட்டிய ஜான் லேலண்ட், ஊரார் பேச்சைக் கேட்டு இதைக் காமலாட் என்று எழுதிவைத்தார். பக்கத்தில் குவீன் காமல் என்று ஓர் ஊர் இருந்தது வசதியாகப் போயிற்று.

இனி மண். எங்கள் ஊர் ஏரிக்கரை மீதுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். மழைக்கு முன்னால் பெரியப்பா ஆள் கூட்டிக் கரைக்கு மண் போடுவார். கரைந்ததை அடுத்த வருஷம் மறுபடி போடவேண்டும். வெளியூர்க்காரர்கள் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு, அந்தக் கரை மேலேயே நடந்து பஸ்ஸுக்குப் போவார்கள். நமக்குக் கல் என்றால் சரித்திரம், மண் என்றால் வெறும் மேடு. இந்தப் புத்தி மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம்.

நீங்கள் ஏறிய மேடு நான்கு அடுக்குக் கரை. இரும்புக்கால மக்கள் வெட்டியது. ரோமானியர் ஆட்சி போனபின், ஐந்தாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில், மேல்கரையை மரச்சட்டமும் கல்லும் வைத்துத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கு மேல்! 1966 முதல் 1970 வரை தொல்லியலாளர் லெஸ்லி ஆல்காக் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் தாண்டி வந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அத்தனை தூரத்துச் சரக்கை வரவழைத்தவனுக்கு ஆள் பலம் இருந்திருக்கும். ஆனால் கூடை சுமந்தவர்களுக்கு என்ன கொடுத்தான்? அப்புறம் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எதெல்ரெட் அரசன் மறுபடி மதில் எழுப்பி, நாணயமும் அடித்தான். இவன் நிஜமாக வாழ்ந்தவன். இவனுக்காக யாரும் ஏறுவதில்லை.

கிளாஸ்டன்பரிக்குத் தாராளமாகப் போங்கள். 1184-இல் அங்கிருந்த கிறிஸ்தவ மடம் எரிந்தது. கட்டடத்துக்குப் பணம் தேவைப்பட்டது. 1191 வாக்கில் ஆர்தரின் கல்லறை துறவிகளுக்குக் கிடைத்துவிட்டது.