எதை முதலில் படிப்பது? சரித்திரத் தொடர்கள் பற்றி காரைக்குடி ஆச்சியின் பதில்கள்

புதுவயல் வாசகர்: ஆச்சி, பொன்னியின் செல்வனை இப்போதுதான் தொடங்கப்போகிறேன். எந்தப் பதிப்பு வாங்கலாம்?

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டன தம்பி, அதனால் பல பதிப்பகங்கள் போடுகிறார்கள். ஐந்து பாகமும் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெலிந்த ஒற்றைப் புத்தகம் என்றால் அது சுருக்கம், வேண்டாம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்கிக்கொண்டு வாதம் செய்வதைத்தான் சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவார்கள். இன்னொன்று, முன்னுரையையும் பின்னட்டையையும் கடைசியில் படியுங்கள். முதல் வாசிப்பு ஒரு தடவைதான் கிடைக்கும்.

பள்ளத்தூர் வாசகி: பொன்னியின் செல்வனில் வரும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

கதையில் யார் என்று சொல்ல மாட்டேன். வரலாற்றில் என்றால், காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய, உறவினர்களுடைய நிலங்கள் பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது அதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியை நிறுத்தினார். நந்தினி கற்பனை. வந்தியத்தேவன் அப்படியல்ல, குந்தவையின் கணவராக அவர் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது.

தேவகோட்டை ஆசிரியர்: சிவகாமியின் சபதத்தை முதலில் படித்துவிட்டுத்தானே பார்த்திபன் கனவுக்கு வர வேண்டும்? காலவரிசை அதுதானே?

இல்லை ஐயா. பார்த்திபன் கனவு 1941இல் தொடங்கி வந்த தொடர். சபதம் 1944இல்தான் தொடங்கியது. கதைக் காலம் முன்பின் இருந்தாலும் எழுதிய வரிசையில் படியுங்கள். கனவில் ஒரு பெரிய மர்மத்தைக் கல்கி ஒளித்து வைத்திருக்கிறார். சபதத்தைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அது சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

அதே ஆசிரியர்: கனவை முதலில் படித்தால் பல்லவ மன்னர் மாமல்லர் வாதாபிப் போரில் வென்று திரும்பியது தெரிந்துவிடுகிறதே, ஆச்சி. அது மட்டும் ரகசியம் இல்லையா?

அது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறதே ஐயா! 642இல் வாதாபி விழுந்தது, ‘வாதாபி கொண்டான்’ என்ற பெயரும் வந்தது. ஜெயிப்பாரா என்று பதறியா சபதத்தைப் படிக்கிறோம்? அந்த வெற்றிக்கு சிவகாமி கொடுக்கும் விலைதான் அங்கே கதை. முடிவு தெரிந்திருந்தால் அது இன்னும் கனக்கும். கனவில் அப்படி இல்லை, ரகசியம் போனால் பாதிச் சுவை போயிற்று.

கோட்டையூர் வாசகி: நான் ஆசிரியர் பக்கம். சபதத்தை முடித்துவிட்டு அழுத கண்ணோடு கனவை எடுத்தேன். அதன் கலகலப்பு மருந்து மாதிரி இருந்தது.

இதை மறுக்க மாட்டேன் தங்கச்சி. மனசு ஆறுவதற்கு அந்த வரிசை நல்லதுதான். ஆனால் முதன்முதலாகப் படிக்கப்போகிற ஒரு பிள்ளை என்னிடம் கேட்டால் கனவைத்தான் கையில் கொடுப்பேன்.

குன்றக்குடி வாசகர்: கரிகாலனைக் கொன்றது யார்?

மேலே பள்ளத்தூர் கேள்வியைப் பாருங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். இரண்டாங்கட்டு அலமாரியில் அப்பத்தா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இருக்கின்றன. பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்! எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பைண்டு இருக்கிறது. காலிகோ முதுகு, ஓரம் வெட்டும்போது சில பக்கங்களில் கடைசி எழுத்தும் சேர்ந்து போயிருக்கிறது. ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை முப்பது பக்கத்துக்கு ஒரே இடத்தில் வருகிறது. ஆனாலும் வாரா வாரம் ‘தொடரும்’ என்று எங்கே நிறுத்தினார்கள் என்பது அதில்தான் தெரியும். நிறுத்திய இடத்தில்தான் தொடர் எழுதுகிறவரின் கைத்திறமை. ஓவியர் மணியத்தின் படங்களும் அவை வந்த இடத்திலேயே இருக்கும்.

வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் விரித்து மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். வைக்க இடமில்லை என்றால் நூலகத்தில் பேசிப் பாருங்கள். நம் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்தபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் பிழைத்தன. இப்போது அவை சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன.

தேவகோட்டை ஆசிரியர்: வரிசை விஷயத்தில் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி ஐயா. உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு அதையும் கொடுத்துப் பாருங்கள். வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

காரைக்குடி அம்மா: மகனுக்கு 11 வயது. மாயாஜாலத் தொடர் எதுவும் உண்டா?

விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள், 25. நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், வேதாளம் கேள்வி கேட்டதும் நிறுத்தி, பையனைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்ன பிறகு பக்கத்தைத் திருப்புங்கள்.

சாக்கோட்டை வாசகர்: ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல் என்கிறார்கள். எங்கே தொடங்க?

முதற்கனல். பாரதக் கதை என் பக்கம் இல்லை தம்பி, அதில் ஊறியவர்களைக் கேளுங்கள்.

செட்டிநாடு வாசகர்: ஆச்சி, படம் பார்த்துவிட்டேன். கரிகாலனை உண்மையில் கொன்றது…

மூன்றாவது தடவை. ஐந்தாம் பாகம் வரை படித்துவிட்டு வாருங்கள் தம்பி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசலாம்.