பாதி நாக்கை எடுத்தால் பேச்சு வருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய். பாதி நாக்கை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து தோல் எடுத்து வைக்கப் போகிறார்களாம். கழுத்திலும் அறுவை உண்டு. அவரால் பேச, சாப்பிட முடியுமா? முகம் கோணிப்போகுமா? எடுக்கும் அளவைக் குறைக்கச் சொல்லலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கட்டியைச் சுற்றிச் சுமார் 1 செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். அதில் கஞ்சத்தனம் காட்டினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். மறுபடி வெட்டினால் மிஞ்சுவது இன்னும் குறையும்.

பேச்சுக்கு, எவ்வளவு நாக்கு போனது என்பதோடு, மிச்சம் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதும் முக்கியம். பாதியை எடுத்துவிட்டு அப்படியே தைத்தால், மீதி நாக்கு வாயின் அடித்தளத்தோடு ஒட்டி இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் முன்கைத் தோல். மெல்லியது, நன்றாக மடங்கும். ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்துக் கழுத்து ரத்தக்குழாயில் இணைப்பார்கள். (முதல் இரண்டு மூன்று நாள் நர்ஸ் அடிக்கடி வந்து அதன் நிறத்தைப் பார்ப்பார். ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான், பயப்படாதீர்கள்.) அந்தத் தோல் தானாக அசையாது, சுவை அறியாது, உழைப்பதெல்லாம் மறுபாதிதான். உதட்டில் பிறக்கும் ப, ம சுலபமாக வரும். நுனி மடிய வேண்டிய ட, ள, ழ தான் தகராறு செய்யும். அறுவைக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிடுங்கள். விழுங்கும் பயிற்சியும் அவரே தருவார். சாப்பாடு முதலில் மூக்குக் குழாய் வழியே, அப்புறம் குழைவானதில் தொடங்கி மெல்ல மெல்ல.

முகத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லை. நாக்கின் ஓரக் கட்டியைப் பல சமயம் வாய் வழியாகவே எடுத்துவிடலாம். கழுத்துத் தழும்பைத் தோல் மடிப்போடு ஒட்டி அமைப்பார்கள். ஆனால் கழுத்தில் இரண்டு நரம்புகளைப் பற்றிக் கேளுங்கள்: ஒன்று போனால் தோள் தொங்கும், மற்றது போனால் கீழுதட்டின் ஓரம் சரியாக இறங்காது, சிரிப்பு கோணும். நோய் அவற்றைத் தொடாதவரை காப்பாற்றவே பார்ப்பார்கள்.

சரி, பல் மருத்துவரைப் பார்த்தாயிற்றா? பின்னால் ரேடியேஷன் தேவைப்படலாம். அதற்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே கவனித்துவிடுங்கள்.