அழுகுணி ஆட்டத்துக்கு என்ன வழி? கல்லூரி லீக் கேள்வி பதில்

கல்லூரிக்குள்ளேயே துறை, விடுதி, நண்பர் கூட்டம் என்று டீம் சேர்த்துக்கொண்டு ஆடும் லீக்குகளைப் பற்றிய கேள்விகள் இவை. கல்லூரி அணி, தேர்வு, பயிற்சியாளர் என்று போகும் பெரிய போட்டிகள் வேறு கதை. நான் முதலில் ஆடினேன், அப்புறம் விசில் ஊதினேன், இப்போது அட்டவணை போட்டு லீக் நடத்துகிறேன். மைதானத்தின் எல்லாப் பக்கத்திலும் நின்று திட்டு வாங்கியவன் என்பதுதான் என் தகுதி.

கேள்வி (லீக் கமிட்டி உறுப்பினர்): ஒவ்வொரு சீசனும் முதல் நாளில் எல்லோரையும் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். இரண்டாவது வாரமே சட்டையைப் பிடிக்கிறார்கள். வேறு என்னதான் செய்வது?

பதில்: உறுதிமொழியை விட்டுவிடுங்கள். வரிசையில் நின்று யாரோ படித்ததைத் திருப்பிச் சொன்னவனுக்கு 38-வது நிமிடத்தில் அது ஞாபகம் வராது. ஞாபகம் வருவது புள்ளிப் பட்டியல்தான். அதனால் நடத்தையையும் அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவாருங்கள். மேட்ச் முடிந்ததும் நடுவர் இரண்டு டீமுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடட்டும். வம்பே இல்லையென்றால் 4. ஓயாத முணுமுணுப்பு, ஒவ்வொரு முடிவுக்கும் தலையில் அடித்துக்கொள்வது என்றால் 3. மஞ்சள் கார்டு வாங்கினால் 2-க்கு மேல் கிடையாது. ஒருவர் வெளியேற்றப்பட்டால் 1. அடிதடி, மிரட்டல் என்றால் 0. லீக் சுற்றின் முடிவில் சராசரி 3 இல்லாத டீம், எத்தனை மேட்ச் ஜெயித்திருந்தாலும் நாக் அவுட்டுக்குப் போகாது. அமெரிக்கக் கல்லூரி லீக்குகளில் இந்த மாதிரி முறை பரவலாக இருக்கிறது. மதிப்பெண் அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். நடுவர்களும் மாணவர்கள்தானே? நாளைக்கு அதே வகுப்பில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் 4 போட்டுவிடுவார்கள். மதிப்பெண்ணைக் குறைத்தால் காரணம் எழுத வேண்டும் என்று விதி வைத்தால் இன்னும் மோசம், எழுதச் சோம்பல்பட்டே 4 விழும். 4 போட்டாலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "9-ம் நம்பர், கீழே விழுந்த எதிரணிக்காரனுக்குக் கை கொடுத்தான்" என்று எழுத ஒன்றும் கிடைக்காதபோது, அந்த 4 தானாக 3 ஆகிவிடும்.

இரண்டாவது சறுக்கல் நானே செய்தது. ஒரு சீசனில் தோல்வியே காணாத டீமுக்கு சராசரி 2.6. அவர்கள் ஆட்டம் அப்படி, வாய் அப்படி. இவர்கள் இல்லாத அரையிறுதியை யார் பார்க்க வருவார்கள் என்று நாலு பேர் சொல்ல, நானும் வரம்பை 2.5 என்று இறக்கினேன். இறுதிப் போட்டி முடியவே இல்லை. 7 நிமிடம் மிச்சம் இருக்கும்போது இரண்டு பெஞ்சும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அடுத்த சீசன் கூட்டத்தில் நான் வரம்பு என்று சொன்னதுமே பின்வரிசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்க இரண்டு வருடம் ஆனது.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவி, கால்பந்து நடுவர்): பெனால்டி கொடுத்தால் எட்டுப் பேர் சுற்றி நின்று கத்துகிறார்கள். கைகால் நடுங்குகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: நடுக்கம் போகாது, எனக்கும் போகவில்லை. எட்டுப் பேரை ஒருவர் ஆக்கினால் போதும். டாஸின்போதே சொல்லிவிடுங்கள்: "என்னிடம் பேச வேண்டுமென்றால் கேப்டன் மட்டும் வரலாம்." இது உங்கள் சொந்த விதி என்று யாராவது சிணுங்கினால், 2024 யூரோ கோப்பையிலேயே இப்படித்தான் நடந்தது என்று சொல்லுங்கள். கேப்டன் வந்தால் முடிவையும் காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மற்றவர்கள் வந்தால் பேச்சே வேண்டாம், கார்டு. கார்டு என்ற பொருளே பேச்சைக் குறைக்க வந்ததுதான். 1966 உலகக் கோப்பையில் யாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள் என்றே தெரியாமல் ஒரு குழப்பம் நடந்தது. அதற்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற நடுவர், சாலை சிக்னலில் நின்றபோது இந்த யோசனையைப் பிடித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் மஞ்சளும் சிவப்பும் புழக்கத்துக்கு வந்தன.

லீக் நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுவரோடு வாயாடுபவனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்கும் 'சின் பின்' முறையை இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்தில் 2019 முதல் எல்லா இடத்திலும் வைத்திருக்கிறார்கள்; 90 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடம். உங்கள் மேட்ச் 40 நிமிடம் என்றால் 5 நிமிடம் சரியாக இருக்கும். மஞ்சள் கார்டு வாங்கியவன் அதே சூட்டோடு ஆடிக்கொண்டிருப்பான். வெளியே உட்கார்ந்தவனுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும், டீம்காரர்களிடம் திட்டும் கிடைக்கும். இரண்டாவதுதான் மருந்து.

கேள்வி (கூடைப்பந்து டீம் கேப்டன்): எங்கள் டீமில் ஒருவன் பிரமாதமாக ஆடுவான், ஆனால் வாய் நிற்காது. அவனை வெளியே எடுத்தால் தோற்றுவிடுவோம்.

பதில்: எடுக்காவிட்டால் நடுவர் எடுப்பார், அப்போது திரும்ப உள்ளே விட முடியாது. அவன் உதடு அசைய ஆரம்பிக்கும்போதே மாற்று ஆளை அனுப்புங்கள். மூன்று நிமிடம் போதும். "மூச்சு வாங்கிக்கோடா, கடைசி ஆறு நிமிஷம் நீதான்" என்று சொல்லி உட்கார வையுங்கள். தண்டனை மாதிரி செய்தால் முறைப்பான், ஓய்வு மாதிரி செய்தால் உட்காருவான்.

கேள்வி: கிரிக்கெட்டில் பந்து போடுவதற்கு முன்பே நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸை விட்டு வெளியே போனான். எங்கள் பவுலர் பெயில்ஸைத் தட்டினான். அவுட் கொடுத்தார்கள், ஆனால் எல்லோரும் எங்களைப் போங்கு டீம் என்கிறார்கள். நாங்கள் செய்தது தப்பா?

பதில்: விதிப்படி தப்பே இல்லை. 2022 அக்டோபரில் இந்த விஷயத்தை 'முறையற்ற ஆட்டம்' பற்றிய 41-வது விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட் பற்றிய 38-வது விதியில் சேர்த்துவிட்டார்கள். ஓசியில் இரண்டு அடி முன்னால் போனவன்தான் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் பொழுதுபோக்கு லீக்கில் டாஸின்போதே, இப்படி நடந்தால் அவுட் கேட்போம் என்று சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பிறகு யாரும் போங்கு என்று சொல்ல முடியாது, கிரீஸை விட்டு நகரவும் மாட்டார்கள்.

விதி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மை. 1980-ல் மும்பையில் நடந்த டெஸ்டில், அம்பயர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்திய கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் திரும்பக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். பந்து மட்டையில் படவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்த டெஸ்டில் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. இதை யாரும் யாரிடமும் கட்டாயமாகக் கேட்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் பெருந்தன்மை இல்லை, வசூல்.

கேள்வி: 12–0 என்று போய்க்கொண்டிருக்கிறது. கோல் போடுவதை நிறுத்தினால் மரியாதையா, அவமானமா?

பதில்: சும்மா பந்தைத் தட்டித் தட்டி வேடிக்கை காட்டுவது அவமானம். கோல்கீப்பரை முன்னால் ஆட விடுங்கள், பெஞ்சில் இருப்பவர்களை இறக்குங்கள், பழக்கமில்லாத காலால் உதைக்கச் சொல்லுங்கள். ஆட்டமும் நடக்கும், எதிரணிக்கு முகமும் மிஞ்சும். ஆனால் உண்மையான தவறு அட்டவணை போட்டவருடையது. நன்றாக ஆடுபவர்களுக்கு ஒரு பிரிவு, சும்மா ஆட வருபவர்களுக்கு ஒரு பிரிவு என்று முதலிலேயே பிரித்திருக்க வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பாதி, ஜோடி பொருந்தாத மேட்சில் தொடங்கியவை.

கேள்வி: எதிரணியில் பதிவில் இல்லாத ஒருவன் வேறு ஒருவன் பெயரில் ஆடினான். மேட்ச் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

பதில்: ஆள் மாறாட்டம். மேட்சுக்கு முன்பு நடுவர் அடையாள அட்டையை முகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிடிபட்டால் ஆடியவன், பெயர் கொடுத்தவன் இருவருக்கும் தடை, மேட்ச் ஏமாற்றப்பட்ட டீமுக்கு. பெயர் கொடுத்தவனை விட்டுவிட்டால் அடுத்த வாரம் வேறு பெயர் வரும்.

கேள்வி: மேட்ச் முடிந்ததும் கை குலுக்குவது வெறும் நடிப்புதானே?

பதில்: ஆமாம். தொடர்ந்து நடிக்கட்டும்.

கேள்வி: நடுவர் வைக்க எங்களிடம் ஆளில்லை, பணமும் இல்லை.

பதில்: தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆட்டக்காரர்களைப் பாருங்கள். பெரிய போட்டிகளிலேயே ஆட்டக்காரர்கள்தான் ஃபவுல் சொல்கிறார்கள், அவர்களே பேசி முடிக்கிறார்கள். மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு டீமும் எதிரணிக்கு ஐந்து தலைப்பில் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும்: விதி தெரிந்து ஆடினார்களா, உடல் மோதலைத் தவிர்த்தார்களா, நியாயமாக நடந்தார்களா, கோபத்தை அடக்கினார்களா, ஒழுங்காகப் பேசினார்களா. 2 என்றால் சராசரியாக நல்ல நடத்தை, மொத்தம் 10 வந்தால் குறை ஒன்றும் இல்லை. வாலிபால், பேட்மின்டனுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உடம்போடு உடம்பு மோதும் கால்பந்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: சிவப்பு கார்டு வாங்கியவனை அடுத்த மேட்சில் எப்படித் திரும்பச் சேர்ப்பது?

பதில்: அன்றைக்கு மைதானம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். அப்புறம் குறைந்தது ஒரு மேட்ச் தடை, லீக் நடத்துபவரோடு நேரில் ஒரு பேச்சு. இதோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: திரும்ப வருவதற்கு முன்பு ஒரு மேட்சுக்கு லைன் நடுவராகக் கொடி பிடிக்க வேண்டும். போன சீசனில் ஒருவன் முதல் பத்து நிமிடத்தில் மூன்று ஆஃப்சைடு தவறவிட்டுவிட்டு, இடைவேளையில் என்னிடம் வந்து, "சார், இவங்க ஏன் என்னைப் போட்டு இப்படிக் கத்துறாங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவர், வாலிபால்): பிளாக் செய்யும்போது பந்து என் விரலில் பட்டு வெளியே போனது. நடுவர் பார்க்கவில்லை. நான் கையைத் தூக்கினேன், பாயின்ட் எதிரணிக்குப் போனது. அந்த செட்டைத் தோற்றோம். டீமே என்னோடு பேசவில்லை. நான் முட்டாளா?

பதில்: 2008-ல் அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) மேட்ச் ஒன்றில் வெஸ்டர்ன் ஓரிகன் அணியின் சாரா டக்கோல்ஸ்கி தன் முதல் ஹோம் ரன்னை (பந்தை வேலி தாண்டி அடிப்பது; பேஸ் என்ற நிலைகள் எல்லாவற்றையும் தொட்டுச் சுற்றி வந்தால்தான் கணக்கு) அடித்துவிட்டு, முதல் பேஸிலேயே முழங்கால் பிசகி விழுந்தார். சொந்த டீம் தொட்டுத் தூக்கினால் அவுட் என்றார்கள். எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மேலரி ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு பேஸிலும் நிறுத்தி அவர் காலைத் தொட வைத்து, முழுச் சுற்று வந்தார்கள். அந்த மேட்சில் 4–2 என்று தோற்றது தூக்கியவர்களின் அணிதான்.

உங்கள் டீம் இரண்டு நாளில் பேசிவிடும், விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அதே டீமோடு அடுத்த முறை ஆடும்போது அந்தப் பக்கத்திலிருந்து யாராவது தானாகக் கையைத் தூக்குகிறார்களா என்று பார்த்து எழுதுங்கள்.