பறவையின் அலகு எந்த எண்ணில் நிற்கிறது?

கேள்வி: பாரிஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் உள்ளங்கையளவு பித்தளைச் சூரியக் கடிகாரம் ஒன்று வாங்கினேன். எட்டு மூலைத் தகடு, அதில் சின்னத் திசைகாட்டி, மடக்கி வைக்கும் முள், முள்ளின் பக்கத்தில் ஒரு பறவை. ‘பட்டர்ஃபீல்ட், பாரிஸ்’ என்று பொறித்திருக்கிறது. உண்மையிலேயே பழையதுதானா? வெயிலில் வைத்தால் கைப்பேசியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது, பழுதா? புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. தயவுசெய்து துலக்காதீர்கள். குத்துவிளக்கைத் துலக்குவது வேறு, இது வேறு. இந்தத் தகட்டின் உயிரே மயிரிழைக் கோடுகள்தான். ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே அவற்றின் விளிம்பு மழுங்கும், பழைமைக்குச் சாட்சியான கருமையும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

பெயரைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. மைக்கேல் பட்டர்ஃபீல்ட் 1635 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்தவர், வாழ்க்கையைப் பாரிஸில் நடத்தியவர். செயின்ட் ஜெர்மெய்ன் பகுதியில் கடை வைத்திருந்தார். கடைப் பலகையில் இங்கிலாந்தின் அரசச் சின்னம். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் காலத்தில் கணிதக் கருவிகளுக்கான அரச பொறியாளர் என்ற பட்டமும் அவருக்கு இருந்தது. 1678இல் சிறு கண்ணாடி மணிகளை வில்லையாக்கி நுண்ணோக்கி செய்யும் முறையைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். வெனிஸைச் சேர்ந்த வரைபட வல்லுநர் கொரொனெல்லி அந்த மன்னருக்காகச் செய்த, ஏறக்குறைய 4 மீட்டர் விட்டமுள்ள இரண்டு பெரும் கோளங்களுக்கு வெண்கல வளையங்கள் செய்து கொடுத்தவரும் இவரே. அந்தக் கோளங்கள் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, பக்கத்தில் இருக்கும் நீங்கள் அவசியம் போய்ப் பாருங்கள். 1717இல் பாரிஸ் வந்த ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் இவருடைய பட்டறைக்கே நேரில் வந்தார். 1724இல் பட்டர்ஃபீல்ட் காலமானார்.

அவ்வளவு பெரிய வேலைகள் செய்தவரின் பெயர் கடைசியில் சட்டைப்பைக்குள் அடங்கும் இந்தச் சின்னப் பொருளில்தான் நிலைத்தது. ஷபோத்தோ, நிக்கோலா பியோன் போன்ற பாரிஸ் கைவினைஞர்களும் இதே வகையைச் செய்தார்கள். அவர் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் இது தயாராகிக்கொண்டிருந்தது. அலங்கார நகல்களும் உண்டு. அதனால் நான் பெயரை விட்டுவிட்டுக் கோடுகளைத்தான் பார்ப்பேன்.

வீட்டில் பாகைமானி இருக்குமே, எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு மணி வரிசைகள் இருக்கும். பெரும்பாலும் 43, 46, 49, 52 என்று அட்சரேகை எண் போட்டிருக்கும். மணிக்கோடுகளின் இடைவெளி ஊருக்கு ஊர் மாறும் என்பதால்தான் இத்தனை வரிசை. முள்ளின் சாய்ந்த விளிம்பு தகட்டைத் தொடும் இடத்தில் பாகைமானியின் மையத்தை வையுங்கள். 12 மணிக் கோட்டிலிருந்து 3 மணிக் கோடு 49 வரிசையில் சுமார் 37 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். 43 வரிசையில் 34, 52 வரிசையில் 38. 6 மணிக் கோடு எந்த வரிசையிலும் நேர் செங்கோணம்தான். கணக்குத் தெரியாமல் அழகுக்காகப் போட்ட கோடுகள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். அசலை அச்செடுத்து வார்த்த நகல் இதில் தேறிவிடலாம். அதற்கு உருப்பெருக்கி வேண்டும். உளியால் பொறித்த கோடு கூர்மையான பள்ளமாக இருக்கும், வார்த்த கோட்டின் ஓரம் உருண்டிருக்கும்.

அப்புறம், திசைகாட்டிக் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். பாரிஸில் 1666ஐ ஒட்டிக் காந்த ஊசி ஏறக்குறைய நேர் வடக்கைக் காட்டியது. பிறகு மேற்கே நகரத் தொடங்கி, 1700 வாக்கில் 8 டிகிரி அளவுக்கு விலகியது. வடக்குக் கோட்டிலிருந்து அந்த அளவு மேற்கே தள்ளி ஒரு குறி இருந்தால், அது காலத்துக்குப் பொருந்தும் நல்ல அடையாளம். ஆனால் நேரம் பார்க்க அந்தக் குறியைப் பயன்படுத்தாதீர்கள். இன்று பாரிஸில் விலகல் ஓரிரு டிகிரி கிழக்கே. பழைய குறிக்கு ஊசியைப் பொருத்தினால் அரை மணி நேரத்துக்கு மேல் பிசகும்.

சரி, நேரத்துக்கு வருவோம். முள்ளை நிமிர்த்தி, பறவையின் அலகு முள்ளில் பொறித்த அட்சரேகை எண்களில் 49இல் நிற்கும்படி சாய்வை மாற்றுங்கள். பாரிஸின் அட்சரேகை 48 டிகிரி 51 நிமிடம், அது போதும். தகட்டைச் சமதளத்தில் வைத்து ஊசி வடக்கில் நிற்கும்வரை திருப்புங்கள். நிழலை 49 வரிசையில் மட்டும் படியுங்கள். அப்படியும் கோடையில் 1 மணி 50 நிமிடம் பின்தங்கித்தான் காட்டும், அது பழுது இல்லை. கடிகாரம் சூரியனோடு போகிறது. கைப்பேசி மத்திய ஐரோப்பிய நேரத்தோடும் அதற்கு மேல் கூட்டிய கோடைக்கால ஒரு மணியோடும் போகிறது. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் 50 நிமிடம் அளவுக்குக் குறையும். பிப்ரவரி நடுவில் அதற்கு மேல் 14 நிமிடம் கூடும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் குறையும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு மூன்று படங்கள் எடுத்து அனுப்புங்கள்: தகட்டின் முன்பக்கம், ஊர்ப் பெயர்கள் பொறித்த பின்பக்கம், முள் நிமிர்ந்து நிற்கும் பக்கவாட்டுத் தோற்றம். நீங்கள் அளந்த 3 மணிக் கோணங்களையும் வரிசை வாரியாக எழுதுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் அதுவரை பொறுங்கள்.